மூன்று சுவர்களுக்கு அப்பால்

காவிரிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் என் பாட்டனார் கட்டிய வீட்டில்தான் பணி ஓய்வுக்குப் பிறகு வசிக்கிறேன். பழைய காலத்து வீடு. அகலம் குறைவு, நீளம் அதிகம். திண்ணை, வாசல் அறை, கூடம், முற்றம், சமையற்கட்டு, அதற்கும் பின்னால் ஒரு சிற்றறை என்று ரயில் பெட்டியைப் போல நீண்டுகொண்டே போகும். சுவர்கள் ஒன்றரை அடி கனம். சென்ற ஆண்டு இணைய இணைப்புத் தர வந்த இளைஞர், கம்பி எட்டிய இடம் இதுதான் என்று வாசல் அறையில், இரும்பு பீரோவின் பின்புறமாக ரவுட்டரைப் பொருத்திவிட்டுப் போய்விட்டார். கூடத்தில் அமர்ந்தால் எல்லாம் தடையின்றி ஓடுகிறது. பின்கட்டு அறைக்குப் போனால் திரையில் வட்டம் சுழல்கிறது.

அந்தப் பின்கட்டு அறையில்தான் என் மகள் மாலை நேரங்களில் இணையவழியில் பாடம் நடத்துகிறாள். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவள். ஒன்பது ஆண்டுகளாகக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர். பகலில் கல்லூரி, மாலையில் நுழைவுத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு வகுப்பு. அந்த மாலை வருமானம் இல்லாமல் அவளுக்கு மாதம் நகராது. விளக்கம் பாதியில் இருக்கும்போது அவளுடைய முகம் திரையில் உறைந்துபோவதும், அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடி வருவதும், நான் தொலைக்காட்சியை அவசரமாக அணைப்பதும் வாரத்தில் மூன்று நாள் வழக்கமாகிவிட்டது.

ஒரு நாள், வீட்டு ரவுட்டரின் சமிக்ஞை உண்மையில் எவ்வளவு தூரம் போகும் என்று அவளிடம் கேட்டேன். அட்டைப் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் தூரமெல்லாம் தடையில்லாத வெட்டவெளிக்கு உரியது என்றும், வீட்டுக்குள் சுவர்களை எண்ணித்தான் கணக்குப் போட வேண்டும் என்றும் விளக்கினாள். வாசல் அறையிலிருந்து பின்கட்டு வரை நடந்து அளந்தேன். முப்பது எட்டு. ஏறத்தாழ 75 அடி. குறுக்கே மூன்று சுவர்கள். இதைச் சொன்னதும் அவள் சிரித்தாள். ஜெகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் கம்பியில்லா அலையை அனுப்பிக் காட்டியபோது அது கடந்த தூரமும் 75 அடிதான், சுவர்களும் மூன்றுதான் என்றாள்.

போஸ் எனக்குப் புதியவர் அல்லர். பொருளாதாரத் துறையில் காப்புரிமை பற்றிய வகுப்புகளில் முப்பது ஆண்டுகள் அவரை உதாரணம் காட்டியிருக்கிறேன். பெரும் செல்வத்தைக் கைநழுவ விட்ட மேதை என்று, சற்றே இரக்கத்தோடு. அவருடைய வாழ்க்கையை முழுவதுமாகப் படிக்காமலே அந்தத் தீர்ப்பை வழங்கிவந்தேன் என்பதை இந்த ரவுட்டர் விவகாரத்துக்குப் பிறகுதான் உணர்ந்தேன்.

1895-இல் நடந்தது இதுதான். விரிவுரை அரங்கில் அலையை எழுப்பும் கருவி. அடுத்து ஓர் அறை, ஒரு நடைவழி, அதற்கும் அப்பால் மூன்றாவது அறையில் அலையை வாங்கும் கருவி. நேர்க்கோட்டில், நிகழ்ச்சிக்குத் தலைமை வகித்த வங்காளத்தின் துணைநிலை ஆளுநர் அமர்ந்திருந்தார். கனத்த சரீரத்தோடு இருந்த அந்த ஆங்கிலேய அதிகாரியின் உடலையும் மூன்று சுவர்களையும் கடந்து சென்ற அலை, மூன்றாவது அறையில் ஒரு மணியை ஒலிக்கச் செய்தது. ஒரு கைத்துப்பாக்கியை வெடிக்கச் செய்தது. சிறிதளவு வெடிமருந்தைக் கொளுத்தியது. கம்பி ஏதும் இல்லை. கூடியிருந்தவர்களுக்கு அது கண்கட்டு வித்தையாகத் தோன்றியிருக்கும். போஸுக்கு அப்போது வயது 36.

அவர் 1858 நவம்பர் 30 அன்று, இன்றைய வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் ஆங்கிலேய அரசில் துணை நீதிபதி, பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். பதவியில் இருந்த இந்தியர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பப் போட்டியிட்ட காலத்தில், அவர் மகனை முதலில் வங்க மொழிப் பள்ளியில் சேர்த்தார். வகுப்பில் ஒரு பக்கம் தந்தையிடம் ஏவலராக இருந்த இஸ்லாமியரின் மகன். மறு பக்கம் மீனவர் ஒருவரின் மகன். அவர்கள் சொன்ன பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர்களின் கதைகளே தமக்கு இயற்கையின் மீது நாட்டம் வரக் காரணம் என்று போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

பிறகு கல்கத்தாவின் செயின்ட் சேவியர் கல்லூரி. அங்கே லாஃபோன் என்ற பாதிரியார் கற்பித்த இயற்பியல். 1880-இல் மருத்துவம் படிக்க இங்கிலாந்து சென்றவர், உடல்நலக் குறைவால் அதைத் தொடர முடியாமல் கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட் கல்லூரிக்கு மாறினார். அங்கே ராலே பிரபுவின் மாணவரானார்.

இங்கே பொருளாதார ஆசிரியன் என்ற முறையில் ஒரு சிறு விலகலுக்கு வாசகர்கள் இடம் தர வேண்டும். பட்டம் பெற்று இந்தியா திரும்பிய போஸின் சட்டைப் பையில், வைசிராய் ரிப்பன் பிரபுவுக்கு எழுதப்பட்ட ஓர் அறிமுகக் கடிதம் இருந்தது. எழுதியவர் ஹென்றி ஃபாசெட். கேம்பிரிட்ஜில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர். இந்தியாவின் நிதி நிலைமை குறித்து ஆங்கில நாடாளுமன்றத்தில் விடாமல் கேள்வி எழுப்பியவர். போஸ் பிறந்த அதே 1858-இல், வேட்டையின்போது தம் தந்தையின் துப்பாக்கிக் குண்டு தவறிப் பட்டு இரு கண்களையும் இழந்தவர். பார்வையற்ற நிலையிலேயே பேராசிரியராகி, நாடாளுமன்ற உறுப்பினராகி, 1880-இல் பிரிட்டனின் தபால் துறைத் தலைவரும் ஆனார். போஸின் மைத்துனர் ஆனந்த மோகன் போஸ் அவருக்கு நண்பர். இந்த ஆனந்த மோகன்தான் பின்னர் 1898-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். ஃபாசெட் 1884 இறுதியில் காலமானார். அவர் தலைமை வகித்த அதே தபால் துறையின் தலைமைப் பொறியாளர் பிரீஸ்தான் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் மார்கோனி என்ற இத்தாலிய இளைஞருக்குக் கைகொடுத்தார்.

கடிதத்துக்கு மதிப்பு இருந்தது. ஆனாலும் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பிக்க ஓர் இந்தியரை நியமிப்பதைக் கல்வித் துறையினர் விரும்பவில்லை. துல்லியமான அறிவியல்களைக் கற்பிக்கும் தகுதி இந்தியர்களின் மனத்துக்கு இல்லை என்பது அன்றைய நிர்வாகத்தின் பரவலான நம்பிக்கை. மேலிடத்து வற்புறுத்தலால் 1885-இல் பணி ஆணை வந்தது, தற்காலிகப் பணி. அந்தப் பணிநிலையில் ஓர் இந்தியருக்கு ஐரோப்பியரின் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே உண்டு. தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. ஆக, அதே வகுப்பறையில் அதே பாடத்தை நடத்தும் ஐரோப்பியர் பெறுவதில் மூன்றில் ஒரு பங்கு.

போஸ் அதை வாங்க மறுத்தார். பணியை மறுக்கவில்லை, ஊதியத்தை மட்டும் மறுத்தார். வகுப்புகளை ஒரு நாளும் தவறவிடாமல் நடத்திக்கொண்டு, மாதா மாதம் வந்த காசோலையைத் தொடாமல் மூன்று ஆண்டுகள் இருந்தார்.

வசதியானவர் செய்யக்கூடிய பிடிவாதம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தேயிலை முதலிய சுதேசித் தொழில்களில் முதலீடு செய்து நொடித்துப்போயிருந்த தந்தையின் கடன் சுமை குடும்பத்தின் தலைமேல் இருந்தது. 1887-இல் திருமணமும் ஆயிற்று. மணமகள் அபலா, பெண் என்பதால் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றவர். உடல்நலம் இடம் தராததால் படிப்பை நிறுத்த நேர்ந்தது. புதுமணத் தம்பதியர் செலவைக் குறைக்க, ஹூக்ளி ஆற்றின் கரையில் இருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்தன்நகரில் குடியேறினார்கள். காலையில் இருவரும் சிறு படகில் ஆற்றைக் கடப்பார்கள். கணவர் அக்கரையில் இறங்கிக் கல்லூரிக்குப் போவார். மனைவி தனியாகத் துடுப்புப் போட்டு வீடு திரும்புவார்.

மூன்று ஆண்டுகளின் முடிவில் நிர்வாகம் இறங்கி வந்தது. தொடக்கத்தில் எதிர்த்தவர்களே அவருடைய கற்பித்தலைக் கண்டு மனம் மாறினார்கள். பணி நிரந்தரமாயிற்று, முன்தேதியிட்டு முழு ஊதியமும் ஒரே தவணையில் வந்தது. அந்தப் பணம் நேராகத் தந்தையின் கடன்காரர்களிடம் போயிற்று.

இந்தப் பகுதியைப் படித்த அன்று எனக்கு இரவு உறக்கம் வரவில்லை. 1980-களில் நான் முதன்முதலாகப் பணியில் சேர்ந்த கல்லூரியில், பதிவேட்டில் கையெழுத்திட்ட தொகை ஒன்று, கையில் வந்த தொகை வேறு. நானும் மூன்று ஆண்டுகள்தான் அங்கே இருந்தேன். முப்பத்தாறு மாதங்களும் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்திட்டேன். தங்கை திருமணம், தந்தையின் மருத்துவச் செலவு என்று காரணங்கள் இருந்தன. போஸுக்கும் அவ்வளவு காரணங்கள் இருந்தன என்பதுதான் உறக்கத்தைக் கெடுத்தது. என் மகள் இன்று நிரந்தரப் பணியில் உள்ள சக ஆசிரியரின் வகுப்புக்கு அடுத்த அறையில் அதே பாடத்திட்டத்தை நடத்தி, அவர் வாங்குவதில் ஒரு சிறு பங்கை வாங்குகிறாள். இனத்தின் பெயரால் அன்று இருந்த பாகுபாடு இன்று பணி ஆணையின் வாசகத்தில் இருக்கிறது. வாங்க மறுத்தால் அவளுடைய இடத்துக்கு நூறு பேர் காத்திருக்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஆராய்ச்சிக்கு வருவோம். கல்லூரியில் ஆய்வகம் என்று சொல்லத்தக்கது இல்லை. கழிவறையை ஒட்டியிருந்த ஒரு சிறு அறையை ஒதுக்கிக்கொண்டார். முறையான பயிற்சி இல்லாத ஒரு தகரக் கொல்லரை வைத்துக் கருவிகளைச் செய்தார். 1894 நவம்பரில், தம் 36-ஆவது பிறந்த நாளில், எஞ்சிய வாழ்நாளை ஆராய்ச்சிக்கே தருவது என உறுதி பூண்டார். மின்காந்த அலைகள் உண்டு என்று மேக்ஸ்வெல் கணிதத்தால் சொல்ல, அவற்றை 1887-88-இல் சோதனைச்சாலையில் எழுப்பிக் காட்டியவர் ஜெர்மானியரான ஹெர்ட்ஸ். அவர் 1894-இன் முதல் நாளில் 36 வயதில் இறந்திருந்தார். அவர் விட்ட இடத்தில் போஸ் தொடங்கினார்.

ஹெர்ட்ஸ் எழுப்பிய அலைகள் முழக் கணக்கிலும் ஆள் உயரக் கணக்கிலும் நீண்டவை. ஒளிக்கும் இந்த அலைக்கும் அடிப்படையில் வேறுபாடில்லை என்று காட்ட வேண்டுமானால், ஒளியைப் போல இதையும் மேசைமீது வைத்து வளைக்க வேண்டும், பிரதிபலிக்க வேண்டும், முனைவாக்க வேண்டும். நீண்ட அலைக்கு அரண்மனை அளவுக்குக் கருவிகள் தேவைப்படும். எனவே போஸ் அலையைச் சுருக்கினார். சுருக்கிச் சுருக்கி 5 மில்லிமீட்டர் நீளத்துக்குக் கொண்டுவந்தார். அந்நாளில் உலகில் எவரும் அவ்வளவு குட்டையான அலைகளை அத்தனை ஒழுங்காகக் கையாண்டதில்லை. கருவிகள் ஒரு பெட்டிக்குள் அடங்கின. அலையைச் சேகரிக்கப் புனல் வடிவ உலோகக் கொம்பு. அலையை முனைவாக்க, தாள்களுக்கிடையே வெள்ளீயத் தகடு செருகிய பழைய ரயில் கால அட்டவணைப் புத்தகம். அலையின் தளத்தைத் திருப்பிக் காட்ட, முறுக்கிய சணல் கட்டு. வங்கத்தின் சணல் ஸ்காட்லாந்தின் ஆலைகளுக்கு மூட்டை மூட்டையாகக் கப்பலேறிய காலம் அது. அதில் ஒரு பிடி இந்த வேலைக்கும் பயன்பட்டது என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

எங்கள் பின்கட்டு அறையின் சிக்கலும் இந்த அலைநீளத்தில்தான் இருக்கிறது. வீட்டு ரவுட்டர்கள் பொதுவாக இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் அதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. நீண்டது சுவரைக் கடப்பதில் கெட்டி, ஆனால் வேகமாகச் சுமக்காது. குட்டையானது நிறையச் சுமக்கும். ஆனால் செங்கல்லும் கான்கிரீட்டும் அதை எளிதில் விழுங்கிவிடும். வெட்டவெளியிலேயே தூரம் இரு மடங்கானால் வலிமை நான்கில் ஒரு பங்காகிவிடும். சுவர்கள் எடுத்துக்கொள்வது அதற்கு மேல். உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் உறிஞ்சும். எங்கள் வீட்டில் ரவுட்டருக்கு முன்னால் பீரோ. நடுவழியில் குளிர்சாதனப் பெட்டி. அதை அடுத்துச் சமையற்கட்டுத் தண்ணீர்த் தொட்டி. போதாக்குறைக்கு, ரவுட்டர் பேசுவது மடிக்கணினிக்குக் கேட்டால் மட்டும் போதாது, மடிக்கணினியின் மெலிந்த குரலும் அத்தனை தடைகளைத் தாண்டித் திரும்பி வந்தாக வேண்டும். இதையெல்லாம் மகள் ஒரு மாலையில் எனக்கு விளக்கினாள். அன்று மின்தடை, ஆகவே வகுப்பு இல்லை.

போஸ் கையாண்ட 5 மில்லிமீட்டர் அலை 60 கிகாஹெர்ட்ஸ் வரிசையைச் சேர்ந்தது. ஒரே அறைக்குள் மிக வேகமாகத் தகவல் அனுப்ப அதே வரிசையைப் பயன்படுத்தும் வைஃபை நுட்பம் நம் காலத்தில் வந்திருக்கிறது. அந்த அலை அறையைத் தாண்டாது. சுவர்கள் அதைத் தடுத்துவிடும். நெடுந்தூரம் போனால் காற்றிலுள்ள ஆக்சிஜனும் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

ஆக, தூரத்தைத் துரத்த வேண்டும் என்று எண்ணியவர் தேர்ந்தெடுக்கும் அலை அல்ல அது. மார்கோனி துரத்தினார். அவர் போனது எதிர்த் திசையில்: மேலும் நீண்ட அலை, மேலும் உயர்ந்த கம்பம். 1896-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1901 டிசம்பரில் அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் சமிக்ஞையைப் பெற்றதாக அறிவித்தார். போஸுக்குத் தூரத்தில் அக்கறையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தம் வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே, ஒரு மைல் தூரத்துக்கு அலையை அனுப்பிப் பார்க்க அவர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அதற்குள் 1896-இல் இங்கிலாந்துப் பயணம் வந்துவிட்டது. அந்த ஒரு மைல் கடைசி வரை கடக்கப்படவே இல்லை.

இங்கிலாந்தில் பெரும் வரவேற்பு. லண்டன் பல்கலைக்கழகம் அறிவியலில் முனைவர் பட்டம் தந்தது. 1897 ஜனவரியில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் விரிவுரை; கெல்வின் பிரபு போன்றோரின் பாராட்டு. 1899-இல் இரும்பும் பாதரசமும் கொண்ட புதிய அலை வாங்கியைப் பற்றி ராயல் சொசைட்டியில் கட்டுரை வெளியிட்டார். 1901-இல் அட்லாண்டிக் சமிக்ஞையை வாங்க மார்கோனி பயன்படுத்திய கருவி அந்தக் கட்டுரையின் வழி வந்ததே என்று அமெரிக்கப் பொறியாளர் சங்க இதழில் 1998-இல் வாதிடப்பட்டது. அந்த வாதத்தை எல்லோரும் ஏற்கவில்லை. கம்பியில்லாத் தந்தியைக் கண்டுபிடித்தவர் மார்கோனி அல்லர், போஸே என்று மேடைகளில் முழங்குவோர் இந்தியாவில் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. இருவரும் தேடியது வேறு வேறு.

1901 மே மாதம், மீண்டும் ராயல் இன்ஸ்டிடியூஷனில் விரிவுரை. தந்தி நிறுவனம் ஒன்றின் செல்வந்த உரிமையாளர் விரிவுரைக்கு முன்பே போஸைத் தேடி வந்தார், கையில் காப்புரிமை விண்ணப்பப் படிவத்தோடு. நுட்பத்தை அரங்கில் வெளிப்படுத்திவிட வேண்டாம் என்றும், செலவைத் தாம் ஏற்பதாகவும், லாபத்தில் பாதி போஸுக்கு என்றும் பேரம் பேசினார். போஸ் மறுத்துவிட்டு மேடையேறி எல்லாவற்றையும் விளக்கினார். அந்தச் சந்திப்பு தமக்குத் தந்த அருவருப்பை நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்கு எழுதிய கடிதத்தில் கொட்டித் தீர்த்தார். அந்தப் பொறியில் ஒரு முறை சிக்கினால் மீள வழியில்லை என்ற அச்சமும் அதில் இருந்தது.

ஆனால், அவர் பெயரில் ஒரு காப்புரிமை உண்டு. கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகத்தைக் கொண்டு அலையைக் கண்டறியும் கருவிக்கு 1901 செப்டம்பரில் அமெரிக்காவில் விண்ணப்பிக்கப்பட்டு, 1904 மார்ச் 29 அன்று 755,840 என்ற எண்ணில் வழங்கப்பட்டது. விண்ணப்பிக்க வைத்தவர்கள் அமெரிக்கத் தோழி சாரா புல்லும் சகோதரி நிவேதிதையும். நண்பரின் வறுமையையும் பிறர் எடுத்துக்கொள்ளும் வேகத்தையும் அவர்கள் பார்த்திருந்தார்கள். உரிமை கைக்கு வந்த பின்பும் போஸ் அதைக் காசாக்க மறுத்தார். காலாவதியாக விட்டுவிட்டார். குறைகடத்தி என்று இன்று நாம் அழைக்கும் பொருளைக் கொண்டு கம்பியில்லா அலையைக் கண்டறிந்த முதல் கருவி அது என்று, டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவரான பிராட்டெயின் 1955-இல் ஒப்புக்கொண்டு எழுதினார்.

என் வகுப்புகளில் நான் தவறு என்று காட்டியது இந்த இடத்தைத்தான். பொருளாதாரப் பாடம் எளியது. அறிவு பொதுப் பண்டம். ஒருவர் பயன்படுத்துவதால் அது குறையாது. ஆனால், ஒருவர் வேலி போடாமல் விட்டதால் மட்டும் அது பொதுச் சொத்தாக நீடிக்காது. அடுத்தவர் வந்து தம் வேலியை அதைச் சுற்றியும் போட்டுக்கொள்வார். போஸ் விட்டுக்கொடுத்தது உலகுக்கு என்று அவர் நினைத்தார். நடைமுறையில் அதை எடுத்துக்கொண்டவை வேறு காப்புரிமைகளை வைத்திருந்த நிறுவனங்கள். உரிமத் தொகையை வாங்கி அதைக் கொண்டு ஓர் ஆய்வகம் கட்டியிருக்கலாமே என்று மாணவர்களிடம் கேட்பேன். அதற்கு நல்ல சான்றும் உண்டு. இன்றைய வைஃபை நுட்பத்தின் முக்கியப் பகுதி ஒன்றுக்கு ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி அமைப்பு 1990-களில் காப்புரிமை பெற்றது. நீதிமன்றம் வரை சென்று நிறுவனங்களிடமிருந்து 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் அதிகமாகப் பெற்றது. பொதுப் பணத்தில் பிறந்த அறிவு, பொதுக் கருவூலத்துக்கே பணமாகத் திரும்பியது.

இன்றும் அந்த வாதத்தை முழுவதும் கைவிடவில்லை. ஆனால், போஸை உலகம் தெரியாத துறவியாகச் சித்தரித்தது என் பிழை. பணத்தின் மதிப்பை அறியாதவரா அவர்? உரிய ஊதியத்தில் ஒரு ரூபாயும் குறையாமல் வாங்க மூன்று ஆண்டுகள் பட்டினி கிடக்கத் துணிந்தவர். தம் உழைப்புக்கு உரியதை விட்டுக்கொடுக்க மாட்டார். தாம் கண்டறிந்த இயற்கை உண்மைக்கு விலை வைக்க மாட்டார். இரண்டும் ஒரே மனிதரின் கணக்கு. முதல் மறுப்பைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டாவதை மட்டும் எடை போட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் நான் கவனிக்கத் தவறியிருந்தேன். வான்வெளியின் அலைவரிசைகளை விற்பனைப் பண்டமாக்க வேண்டும் என்று ரொனால்ட் கோஸ் 1959-இல் எழுதினார். எங்கள் துறையில் அது வேதம். 2010-இல் இந்தியாவில் நடந்த 3ஜி அலைக்கற்றை ஏலத்தில் அரசுக்கு 67,000 கோடி ரூபாய்க்கும் அதிகமாகக் கிடைத்தபோது, வகுப்பில் கோஸைக் கொண்டாடினேன். ஆனால், என் வீட்டு ரவுட்டர் பேசும் அலைவரிசையை யாரும் ஏலத்தில் எடுக்கவில்லை. மைக்ரோவேவ் அடுப்பு முதலியவற்றின் இரைச்சலால் பயனற்றது என்று கருதப்பட்ட அந்த வரிசைகளை 1985-இல் அமெரிக்கா உரிமமின்றித் திறந்துவிட்டது, இந்தியாவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையை 2005-இல் உரிமத்திலிருந்து விடுவித்தது. வலிமைக்கு ஒரு வரம்பு உண்டு, அவ்வளவே. ரவுட்டரின் சமிக்ஞை தெருக்கோடி வரை போகாமல் வீட்டோடு நிற்பதற்கு அந்த வரம்பும் ஒரு காரணம். என் சமிக்ஞை எட்டாத இடத்தில் அண்டை வீட்டார் அதே அலைவரிசையைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். போஸ் தனி மனிதராக விட்டுக்கொடுத்தபோது நிற்காத பொதுமை, எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரு விதியின் கீழ் நிற்கிறது. முப்பது ஆண்டுகளில் ஒரு மாணவராவது இதைக் கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, கேட்கும்படி நான் கற்பிக்கவும் இல்லை.

போஸின் பிற்காலம் பலரும் அறிந்தது. கம்பியில்லா அலையிலிருந்து விலகித் தாவரங்களின் பக்கம் போனார். செடியின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியை உருவாக்கினார். ராயல் சொசைட்டி சில கட்டுரைகளை வெளியிடத் தயங்கியது; தாவரங்களைப் பற்றிய அவருடைய முடிவுகள் சில பின்னாளில் நிலைபெற்றன, சில நிலைபெறவில்லை. 1915-இல் ஓய்வு. 1917-இல் சர் பட்டம். அதே ஆண்டு நவம்பர் 30 அன்று, தம் 59-ஆவது பிறந்த நாளில், சேமிப்பையும் நன்கொடைகளையும் கொண்டு கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். அங்கே செய்யப்படும் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை எடுப்பதில்லை என்று தொடக்க நாளிலேயே அறிவித்தார். ஆய்வகம் கட்டியிருக்கலாமே என்று நான் முப்பது ஆண்டுகள் கேட்ட கேள்விக்கான பதில் அந்தக் கட்டடமாகவே நின்றுகொண்டிருந்திருக்கிறது. அதன் வாயிலருகே விளக்கேந்திய ஒரு பெண்ணின் சிற்பம், 1911-இல் மறைந்த நிவேதிதையின் நினைவாக. 1920-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1937 நவம்பர் 23 அன்று, கிரிதியில், 79 வயது நிறைய ஒரு வாரம் இருக்கும்போது காலமானார்.

சென்ற வாரம் ஆளை வரவழைத்து ரவுட்டரைப் பீரோவின் பின்னாலிருந்து எடுத்து, கூடத்துத் தூணில் ஆள் உயரத்துக்கு மேல் பொருத்தச் சொன்னேன். கம்பிக்கு நாற்பது அடி கூடுதலாகப் பிடித்தது. அதன் இரு கொம்புகளையும் செங்குத்தாக நிறுத்தினேன்; அலை பக்கவாட்டில் பரவ அதுவே ஏற்றது என்று மகள் சொல்லியிருந்தாள். இப்போது பின்கட்டு அறைக்கும் ரவுட்டருக்கும் நடுவே ஒரு சுவரும் முற்றத்து வெளியும் மட்டுமே. மாலை ஆறரை மணிக்கு அவளுடைய வகுப்பு தடையின்றி நடக்கிறது. அன்றைய பாடம் அலைகளின் முனைவாக்கம். சணல் கட்டைப் பற்றிச் சொன்னாளா என்று கேட்டேன். பாடத்திட்டத்தில் இல்லை, இருந்தாலும் சொன்னேன் என்றாள். இந்த மாத ஊதியம் அவளுக்கு இன்னும் வரவில்லை.